சேலம் 636001 பகா எண்ணா?

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு எண்ணைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளும், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் பதில்களும்.

ஐந்து ரோட்டிலிருந்து: ஐயா, 636001 பகா எண்தானே? எதால் வகுத்தாலும் மீதி வருகிறது.

எதுவரை வகுத்தீர்கள் என்று சொல்லவில்லையே! 798-இன் வர்க்கம் 636804. ஆகவே 797 வரையுள்ள எல்லாப் பகா எண்களையும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லலாம். 53-ஆல் வகுத்தால் மீதி 1, மயிரிழையில் தப்புகிறது. இப்படி 117 பகா எண்களுக்கு அசையாமல் நின்று, 118-ஆவது பகா எண்ணான 647-இல் விழுகிறது. 647 × 983 = 636001. இரண்டும் பகா எண்கள்.

ஏற்காட்டிலிருந்து: எங்கள் 636601-ம் இப்படித்தான் முரண்டு பிடிக்குமா?

இல்லை, மலையேறியதும் இளகிவிட்டது. மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்துக் கழியுங்கள்: 636 − 601 = 35. 7 × 11 × 13 = 1001 என்பதால், இந்த மூன்றில் எது வித்தியாசத்தை வகுக்கிறதோ அதுவே முழு எண்ணையும் வகுக்கும். 35-ஐ வகுப்பது 7 மட்டும். மேலும் உடைத்தால் 7 × 199 × 457. சேலத்துக்கு இதே சோதனையில் 635 வரும், மூன்றும் கைவிரித்துவிடும்.

சூரமங்கலத்திலிருந்து: 118 முறை வகுக்க யாருக்குப் பொறுமை உண்டு? குறுக்குவழி இல்லையா?

உண்டு, பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா காட்டியது. எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் கைக்கு வந்துவிடும். 798-இன் வர்க்கத்திலிருந்து 636001-ஐக் கழித்தால் 803. முழு வர்க்கம் இல்லை. 799-க்கு 2400, அதுவும் இல்லை. ஒவ்வொன்றாக ஏறுங்கள். 815-க்கு 28224 வரும். அது 168-இன் வர்க்கம். 815 − 168 = 647, 815 + 168 = 983. மொத்தம் 18 முயற்சிகள்தான்! 1643-இல் அவர் 2027651281 என்ற எண்ணையே இவ்வழியில் 44021 × 46061 என்று உடைத்துக் காட்டினார், வெறும் தாளும் பேனாவும் கொண்டு.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: இலக்கங்களின் கூட்டுத்தொகை 16, அதாவது 7. ராசியான எண்ணா?

கூட்டுத்தொகை 16 என்றால் எண் 3-ஆல் வகுபடாது. 9-ஆல் வகுத்தால் மீதி 7. அதற்கு மேல் வேண்டுமானால் சோதிடரைப் பாருங்கள்.

கொண்டலாம்பட்டி மாணவி: வங்கிப் பாதுகாப்புக்கும் இப்படிப்பட்ட எண்கள்தானா ஐயா?

ஆமாம் அம்மா, தகவலை மறையாக்கும் ஆர்எஸ்ஏ முறையில் பயன்படும் எண்ணும் இரு பகா எண்களின் பெருக்கல்தான்; ஆனால் பிரம்மாண்டமானது. 2020-இல் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள். 617 இலக்கங்கள் கொண்ட ஆர்எஸ்ஏ-2048 என்ற எண் இன்னும் உடையவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து: எங்கள் 636007-க்கும் ஃபெர்மா வழியே போதுமா?

வேண்டவே வேண்டாம். அது 157 × 4051. காரணிகள் இவ்வளவு விலகி நின்றால் 798-இல் தொடங்கி 2104 வரை ஏற வேண்டும், 1307 முயற்சிகள்! நேராக வகுத்தால் 37-ஆவது பகா எண்ணிலேயே முடிந்துவிடும். எந்த எண் எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் நான் 200 வரை வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஃபெர்மாவிடம் போவேன்.