வாசகர் கேள்வி பதில்: வாக்குச் சாவடியில் அடையாள அட்டை

கேள்வி: அமெரிக்காவில் வாக்களிக்கப் போகிறவர் படம் போட்ட அடையாள அட்டை காட்ட வேண்டுமா என்று பல வருடமாகச் சண்டை பிடிக்கிறார்கள். நமக்கோ அது இல்லாமல் வாக்குச் சீட்டே தரமாட்டார்கள். அங்கே மட்டும் ஏன் இந்த எதிர்ப்பு, ஐயா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், நம் இலங்கையில் அட்டை முதலில் வந்தது, சட்டம் பிறகுதான் வந்தது. எழுபதுகளிலிருந்தே அடையாள அட்டை கொடுக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பாடசாலையே விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறது. வாக்களிக்க அடையாளத்தைக் கட்டாயமாக்கியது 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் சட்டம் போடுகிறது. 2011இல் டெக்சாஸ் போட்ட சட்டம், கைத்துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது என்றது. சிலரை வாக்களிக்க விடாமல் தடுக்கத்தான் சட்டமோ என்ற சந்தேகம் வராமல் இருக்குமா? படம் போட்ட அட்டை கேட்கும் இந்தியானா மாநிலச் சட்டத்தை 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மாநிலத்தில் ஒருவர் இன்னொருவர் பெயரில் சாவடிக்கு வந்து வாக்களித்தார் என்பதற்கு வழக்கில் ஒரு சான்றும் இருக்கவில்லை.

நம் பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. அட்டை கேட்காத காலத்தில் வெளிநாடு போனவர், செத்தவர் பெயரெல்லாம் வாக்காளர் இடாப்பில் கிடக்கும். காலையிலேயே யாரோ வந்து போட்டுவிட்டுப் போவார்கள். உரியவரே வந்து நின்றாலும், "உங்கட வோட்டு போட்டாச்சு" என்ற பதில்தான். ஆகவே அட்டை கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது ஆள்மாறாட்டத்தை மட்டுமே தடுக்கும். 1999இல் வடமேல் மாகாண சபைத் தேர்தலில் கட்சி முகவர்களை விரட்டிவிட்டுப் பெட்டியை நிரப்பினார்கள். அதை எந்த அட்டை தடுத்திருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் நான் தேர்தல் கடமை பார்த்தபோது, ஒரு ஆச்சி தபாலில் வந்த வாக்காளர் அட்டையை மட்டும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தார். அடையாள அட்டை வெள்ளத்தோடு போய்விட்டதாம். "இந்த ஊருக்கே என்னைத் தெரியும் மனே" என்றார். எதிரெதிர்க் கட்சி முகவர்கள் இருவருமே ஆமென்று தலையாட்டினார்கள். சட்டத்தில் இடமில்லை, திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. முடிச்சை மறுபடி இறுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். பிடிபட்ட கள்ள வாக்குக்குக் கணக்கு உண்டு, இப்படித் திரும்பிப் போனவர்களுக்குக் கணக்கு எங்கே? அட்டை கேட்கிற அரசு, வாகரை, வெல்லாவெளி என்று உட்கிராமம் வரை நடமாடும் சேவை வைத்து அதைக் கையில் கொடுக்க வேண்டும். தேர்தல் நெருங்கும்போது மட்டுமல்ல, வருடம் முழுக்க.

கேள்வி: உம்மாவின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. தபாலில் வரும் வாக்காளர் அட்டை போதுமா?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போதாது தம்பி. செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதிய அட்டை, முதியோர் அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சரி. எதுவும் இல்லையென்றால் படங்களோடு கிராம சேவகரிடம் போங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் தற்காலிக அட்டைக்கு அவர் ஊடாக விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்குக் கடைசித் திகதி உண்டு. அதுவரை காத்திருக்காமல், இப்போதே பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு புதிய அடையாள அட்டைக்கே விண்ணப்பியுங்கள்.