ஸ்கொயர் டான்ஸ் காலருக்கு மலிவான, தூக்கிச் செல்லும் ஒலிக்கருவியை நாமே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் அமெரிக்க ஸ்கொயர் டான்ஸில் அடுத்த அசைவு என்ன என்பதைக் காலர் பாட்டோடு சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் குரல் தெளிவுதான் முக்கியம், பேஸ் (கனமான தாழ்ந்த ஒலி) அல்ல.

பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம், 90 டெசிபலுக்குப் பதில் 96 இருந்தால், அதே சத்தத்துக்கு நாலில் ஒரு பங்கு வாட்ஸ் போதும், பேட்டரியும் சிறிதாகும். நாலைந்து சின்ன ஸ்பீக்கர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒலி கூரைக்கு அதிகம் போகாமல் பக்கவாட்டில் பரவும். எதிரொலிக்கும் பள்ளி ஜிம்களில் இதன் அருமை தெரியும்.

ஆம்ப்ளிஃபயருக்கு கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) போர்டும் 24 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சரி. 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 15 வாட்ஸ்தான் கிடைக்கும்.

அப்புறம், மைக்குக்கும் பாட்டுக்கும் தனித்தனி வால்யூம் கட்டாயம். மைக்கைப் புளூடூத்தில் இணைக்காதீர்கள். தாமதத்தால் குரல் தாளத்தை விட்டு விலகிவிடும்.