வகுப்பறையில் நாடகம்: பேசவும் கேட்கவும் பழக்குவது பற்றிச் சில கேள்விகள்

இருபது வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நாடகம் செய்துவருகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஆண்டு விழாவில் அருமையாக வசனம் பேசும் பிள்ளைகள், வகுப்பில் கேள்வி கேட்டால் வாயே திறப்பதில்லை. ஏன் டீச்சர்? (தமிழாசிரியை, விழுப்புரம்)

மனப்பாட வசனத்துக்குக் காது தேவையில்லை. எதிரில் நிற்பவர் நிறுத்தியதும் தன் வரியைச் சொன்னால் போதும். என் ஒத்திகை ஒன்றில் ஒரு பையன் இரண்டு வரியை விழுங்கிவிட்டான். எதிரில் நின்ற பெண்ணோ, அவன் கேட்காத கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொன்னாள். அன்றோடு எழுதிய வசனம் கொடுப்பதை நிறுத்தினேன்.

சூழலை மட்டும் கொடுங்கள். ரேஷன் கடை வரிசை. பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. பின்னால் நிற்பவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிறது. கடைக்காரருக்கு இன்னும் அறுபது பேர் பாக்கி. இனி என்ன பேசுவது என்பது பிள்ளைகள் பாடு. எதிராளி சொன்னதைக் கேட்காமல் இதில் ஒரு வாக்கியம்கூட நகராது.

தெருக்கூத்தில் கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் இதைத்தான் செய்கிறான். வேஷம் சபைக்கு வந்ததும் "யார் நீங்கள், எந்த ஊர்?" என்று கேட்கிறான், வந்த பதிலிலிருந்தே அடுத்த கேள்வியைப் பிடிக்கிறான். உங்கள் பக்கம் கூத்து நடந்தால் பிள்ளைகளை அழைத்துப்போய் அவனை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கவனித்துக் கேட்கப் பழக்க எளிமையான பயிற்சி ஒன்று சொல்லுங்கள்.

அந்தாதி. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து பேச வேண்டும். முதலாமவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்க வேண்டும். என் வகுப்பில் கேட்டது:

"நாளைக்கு ஊருக்குப் போறேன்."
"போறேன்னு சொல்லிட்டு நேத்தும் இங்கதானே இருந்தே?"
"இருந்தே ஆகணும், அம்மாவுக்குக் காய்ச்சல்."

தமிழுக்கு இது ரொம்பப் பொருந்தும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. "அவன் வருவான்னு நான் நினைக்க..." வரை கேட்டுவிட்டுப் பதில் சொன்னால் மாட்டிக்கொள்வோம், "நினைக்கிறேன்" என்றும் முடியலாம், "நினைக்கல" என்றும் முடியலாம். பாதியில் குறுக்கிடும் பழக்கம் சில வாரங்களில் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

48 பேர், 40 நிமிடம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வேறு கோபிக்கிறார்.

எல்லோரையும் முன்னால் வரவழைக்க வேண்டாம். பெஞ்சிலேயே ஜோடி ஜோடியாக, ஒரே நேரத்தில், மூன்று நிமிடம். நீங்கள் கை தூக்கினால் பார்த்தவர்களும் கை தூக்கி அமைதியாக வேண்டும். சத்தம் வரத்தான் செய்யும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; முடிந்தால் மரத்தடிக்குப் போய்விடுங்கள்.

பேச்சு வழக்கில் பேச விடலாமா? திருத்த வேண்டாமா?

விடுங்கள். வீட்டுப் பேச்சைத் திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த முறை பேசாது. மாறாக, பாத்திரத்தை மாற்றுங்கள். அதே ரேஷன் கடைப் பிரச்சினையை இப்போது செய்தி வாசிப்பவராகச் சொல், அப்புறம் ஆட்சியரிடம் மனு கொடுப்பவராகச் சொல். எழுத்துத் தமிழ் தேவைப்படும் இடத்தில் அது தானாக வரும்.

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் பயந்து உறைந்துபோகிறார்கள்.

முதலில் மொழியையே எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் வயோலா ஸ்போலின், 1930களின் இறுதியில், சிகாகோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளோடு நாடகம் செய்தவர். அவருடைய விளையாட்டுகளில் ஒன்று அர்த்தமில்லாத ஒலிகளில் பேசுவது. ஒருவர் அப்படி மாம்பழம் விற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பவர் தப்பாகச் சொல்லவே முடியாது, ஏனென்றால் மூலத்துக்கு அர்த்தமே இல்லை. பயம் அங்கேதான் உடைகிறது.

என் மகனுக்கு 14 வயது, திக்கிப் பேசுவான். நாடகத்தில் சேர்க்கலாமா? (ஒரு அம்மா)

அவன் விரும்பினால் தாராளமாகச் சேருங்கள். திக்கிப் பேசும் பலருக்குக் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கல் குறையும். கூத்தின் பின்பாட்டு மாதிரி, குழுவாகச் சொல்லும் பகுதியில் தொடங்கலாம். ஆனால் இது சிகிச்சை அல்ல. பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள். அவன் வாக்கியத்தை யாரும் முடித்துவைக்கக் கூடாது என்பதை ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை நொடி ஆனாலும் காத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் சொந்தப் பிரச்சினைகளை நடிக்கச் சொல்லலாமா?

பிரச்சினையை எடுக்கலாம், ஒரு பிள்ளையின் வீட்டுக் கதையை எடுக்கக் கூடாது. பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு இதற்கு நல்ல வழி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தச் சொல்லும் அப்பா, மறுக்கும் மகள். அவள் தோற்கும் இடம்வரை நடித்துக் காட்டுங்கள். பிறகு மறுபடி தொடக்கத்திலிருந்து. பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மகளின் இடத்தில் வந்து வேறு மாதிரி பேசிப் பார்க்கலாம். ஒருமுறை ஏழாவதாக வந்த பெண் வாதாடவே இல்லை. "உங்களுக்கு எதுப்பா பயம்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். அப்பாவாக நடித்த பையனுக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

குரல் உயர்த்தியதற்குப் போடாதீர்கள். சொன்ன பதில் முந்தைய பேச்சோடு ஒட்டுகிறதா, புரியாததைத் திருப்பிக் கேட்டானா என்று பாருங்கள்.

எல்லோரும் பார்க்கும்போது என் குரல் நடுங்குகிறது, மிஸ். (பத்தாம் வகுப்பு மாணவி)

எல்லோரையும் பார்க்காதே அம்மா. எதிரில் நிற்கும் ஒரே ஒரு ஆளைப் பார், அவர் சொல்வதை முழுசாகக் கேள், அவருக்கு மட்டும் பதில் சொல். நடுங்கினால் நடுங்கட்டும், நிறுத்தாமல் பேசு.