பழைய லேப்டாப்பில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் காப்பி இப்படி மெதுவாகத்தான் ஆகுமா? புது லேப்டாப் வாங்கியே ஆக வேண்டுமா?

வாங்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கேள்விக்குக் கீழே வந்திருக்கும் பதில்களில் முக்கால்வாசி "காலம் போன லேப்டாப், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்" என்கின்றன. அதே வார்த்தையை நம்பி நானும் கிட்டத்தட்ட நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கடன் வாங்க இருந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் லேப்டாப் என்ன மாடல் என்று சொல்லவில்லை. 2010, 2011 வாக்கில் வாங்கியதாக இருக்கும், பக்கவாட்டில் இரண்டு மூன்று யூஎஸ்பி போர்ட், எல்லாமே உள்ளே கறுப்பாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அப்படித்தான்.

எனக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, எஸ்டேட்காரர்கள் வீட்டு விசேஷம் என்று ஓடுகிறது. போன வருஷம் ஐப்பசியில் நாகலூர் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தேன். இரண்டு நாள் வேலை, வீடியோவும் போட்டோவும் சேர்ந்து 310 ஜிபி. பெண்ணுடைய அக்கா வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார். ஆல்பமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எடுத்தது எல்லாவற்றையும் அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் பெண்ணின் தம்பி போன் செய்தான். "அண்ணா, அக்கா நாளைக்குச் சாயங்காலமே சேலத்துல இருந்து பெங்களூர் ஏர்போர்ட் கிளம்புறாங்க. மறந்துறாதீங்கண்ணா." சரி தம்பி, காலையில் ரெடியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

இரவு 9 மணிக்குக் காப்பி போட்டேன். முதலில் போன ஃபோல்டர் போட்டோ. நொடிக்கு 2 எம்பி, 3 எம்பி, சில சமயம் கேபி கணக்கு. பன்னிரண்டரை வரைக்கும் அந்த ஒரு ஃபோல்டரிலேயே நின்றது. அதன் பிறகு வீடியோ ஆரம்பித்ததும் 29 எம்பி வந்தது, நிம்மதியாகப் படுத்தேன். 1.40-க்கு மழையோடு காற்று அடித்து எங்கோ மரம் விழுந்திருக்கிறது, கரண்ட் போனது. என் லேப்டாப்பில் பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது, சார்ஜரில்தான் ஓடும். திரை அணைந்தது. விடிந்தும் கரண்ட் வரவில்லை. கொடுத்த வாக்கு கையில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கில் நூற்றிச் சொச்சம் ஜிபிதான் இருக்கிறது.

லேப்டாப்பையும் டிஸ்க்கையும் பைக்குள் வைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சேலத்தில் ஒரு கடையில் இதே குறையைச் சொல்லிக் காட்டியிருந்தேன். கடை பெயர் வேண்டாம். லேப்டாப்பைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "யூஎஸ்பி போர்ட் வீக் ஆயிருச்சுங்க. மதர்போர்டு மாத்தணும், ஒம்பதாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிக்கலாம்" என்றார்கள். பார்த்ததற்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். போர்ட் வீக் என்று ஒன்று கிடையாது. தளர்ந்து போனால் இணைப்பு விட்டு விட்டு வரும், அவ்வளவுதான். என் போர்ட் அது செய்யவேண்டிய வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

யூஎஸ்பி 2.0 என்பது 2000-ஆம் வருஷம் வந்தது. நொடிக்கு 480 மெகாபிட் என்று போட்டிருப்பார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். அதிலும் அனுப்புகிற பக்கமும் வாங்குகிற பக்கமும் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கே நிறையப் போய்விடும், கைக்கு வருவது 30-லிருந்து 35, நல்ல நாளில் 40. உங்கள் திரையில் 28, 30 என்று காட்டினால் லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இல்லை. 2008-இல் யூஎஸ்பி 3.0 வந்தது, நொடிக்கு 5 ஜிகாபிட். ஆனால் இன்டெல் தன் சிப்செட்டிலேயே அதைச் சேர்த்துக் கொடுத்தது 2012-இல்தான். அதனால்தான் அதற்கு முன் வாங்கிய பெரும்பாலான லேப்டாப்பில் அது இருக்காது.

உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்க்க, போர்ட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைப் பாருங்கள். நீலமாக இருந்தால் 3.0. பக்கத்தில் எஸ்எஸ் என்று எழுதியிருந்தாலும் அதேதான். நீலம் இல்லாமலும் சில கம்பெனிகள் 3.0 கொடுத்திருக்கின்றன, அதனால் வின்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்று தேடித் திறந்து, அதில் யூஎஸ்பி என்ற வரிசையைப் பாருங்கள். 'எக்ஸ்டென்சிபிள்' என்ற சொல் இருந்தால் 3.0 இருக்கிறது. 'என்ஹான்ஸ்டு' மட்டும்தான் என்றால் 2.0-வோடு சரி. ஒருவேளை உங்களுக்குப் பெரிய ஃபைலுக்கும் நொடிக்கு 1 எம்பி மட்டும்தான் காட்டுகிறது என்றால் அது வேறு கதை. நடுவில் ஏதோ பழைய ஹப்போ நைந்த கேபிளோ இருந்து பழைய யூஎஸ்பி 1.1 வேகத்துக்கு இறங்கியிருக்கலாம். அதை எடுத்துவிட்டு நேராகச் செருகுங்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மழைக்கு மறுநாள், மேலே பனி இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், சேலம், ஈரோடு, பெங்களூர் வண்டியெல்லாம் ஏற ஆரம்பித்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு. அதில் எட்டு வளைவு இறங்குவதற்குள் எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வளைவிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கிப் படம் எடுக்கிறார்கள். குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட் போடுகிறார்கள். அதை எடுக்க வரும் குரங்கு வண்டியில் அடிபடுகிறது. நான் படம் எடுத்துப் பிழைப்பவன், படம் எடுக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலையில் இருப்பவனுக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாலும் பிரசவம் என்றாலும் கீழேதான் போயாக வேண்டும். என் பெரியம்மாவை மூச்சுத் திணறலோடு இறக்கிய அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டே பன்னிரண்டாவது வளைவில் நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு சாலை இருக்கிறதே என்பார்கள், மலையில் எல்லா ஊர்க்காரர்களுக்கும் அது ஒத்துவராது. கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரிகிறது. இருந்தாலும் படிப்பவர்களில் பத்துப் பேராவது வார இறுதியில் ஏற்காடு வருகிறவர்களாக இருப்பீர்கள், வளைவில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

அம்மாபேட்டையில் எனக்கு ஆல்பம் டிசைன் செய்து தரும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் போர்ட் வழியா ஏங்கண்ணா இழுக்கறீங்க? உள்ள இருக்கிற டிஸ்க்கையே வெளிய எடுத்துட்டாப் போச்சு" என்றார். லேப்டாப்பைக் கவிழ்த்தார், பேட்டரியைக் கழற்றினார், அடியில் ஒரு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ, அதற்குள் இரண்டரை அங்குல டிஸ்க். பக்கவாட்டில் இழுத்ததும் கையோடு வந்தது. சாட்டா என்கிற இணைப்பு அது. அதை வைக்க யூஎஸ்பி 3.0 கேஸ், அதாவது டப்பா ஒன்று நானூறு ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் மாட்டி அவருடைய கம்ப்யூட்டரில் நீல போர்ட்டில் செருகினார். பார்ட்டியின் டிஸ்க்கை இன்னொரு நீல போர்ட்டில் செருகினார்.

காப்பி போட்டால் அப்போதும் 30 எம்பிதான் காட்டியது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தம்பி ஒன்றும் பேசாமல் பார்ட்டி டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பினார். "இது போன் சார்ஜர் ஒயருங்கண்ணா."

இதை நீங்கள் அவசியம் பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் சாக்கெட் அகலமாக, நடுவில் ஒடுங்கி, இரண்டு அறை போல இருக்கும். அதில் பெரிய அறைக்குள் பழைய போன் சார்ஜர் முனை அப்படியே பொருந்தும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் 3.0-வுக்கு வேண்டிய கூடுதல் கம்பிகள் சின்ன அறையில் இருக்கின்றன. 2.0-வில் நாலே கம்பி, 3.0-வில் ஒன்பது. பார்ட்டி டிஸ்க்கில் அந்தச் சின்ன அறை முழுக்கத் தூசி அடைந்து கிடந்தது. டிஸ்க்கோடு வந்த அகல கேபிளை வீட்டில் எங்கோ போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்ததை மாட்டியிருந்தேன். தம்பி பிரஷ் வைத்துத் தட்டிவிட்டுத் தன்னிடம் இருந்த அகல கேபிளைச் செருகினார். 78 என்று காட்டியது. 75-க்கும் 80-க்கும் நடுவில் நின்று ஓடியது. அதற்கு மேல் என் பழைய டிஸ்க் சுற்றும் வேகம்தான் தடை.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். இரவெல்லாம் 2 எம்பியில் ஊர்ந்த ஃபோல்டருக்குள் போட்டோ மட்டும் இல்லை. எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்காகச் சேர்த்து வைத்த சின்னச் சின்னப் படங்கள், அறுபதாயிரத்துக்கு மேல். பார்ட்டிக்கு அது எதற்கும் ஆகாது. எஸ்டேட்டில் சாயங்காலம் காப்பிப் பழம் எடை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையாகத் தராசில் வைத்தால் ஒரு நோட்டு வரி. அதே மூட்டையை ஒவ்வொரு பழமாக எடை போட்டு எழுதினால் என்ன ஆகும்? ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் டிஸ்க் பெயர் எழுத வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்க் குறித்துவிட்டு வர வேண்டும். வேண்டாததை விட்டுவிடுங்கள். வேண்டியது ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டிவிட்டு அனுப்புங்கள். அமுக்கத் தேவையில்லை, கட்டினால் போதும்.

அந்தச் சின்னப் படங்களை விட்டு மீதி 290 ஜிபி ஒரு மணி ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. மூன்று மணிக்குக் கல்யாணப் பெண்ணின் தம்பி கையில் டிஸ்க்கைக் கொடுத்தேன். அக்கா காரில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார்.

இனி சண்டைக்கு வருபவர்களுக்கு. நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, இருபது வருஷமாக அதை வைத்துச் சம்பாதிப்பவன். "உள்ளே எஸ்எஸ்டி போடச் சொல்" என்று எழுதுவீர்கள். எஸ்எஸ்டி என்பது சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், அதைப் போட்டால் லேப்டாப் சீக்கிரம் திறக்கும், உண்மைதான், நானும் அப்புறம் போட்டேன். ஆனால் வெளியே போகும் வழி யூஎஸ்பி 2.0 என்றால் காப்பி வேகம் அதே முப்பதுதான். டிஸ்க்கைக் கழற்றுவது ஆபத்து என்பீர்கள். வாரண்டி இருக்கும் லேப்டாப்பிலும், அடியில் மூடியே இல்லாத மாடலிலும் கை வைக்க வேண்டாம் என்றே நானும் சொல்கிறேன். டிஸ்க்கை வின்டோஸில் வரும் பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் அதன் சாவி எண் கையில் இல்லாமல் கழற்றாதீர்கள்.

கழற்ற மனமில்லை என்றால் லேன் கேபிள், அதாவது நெட்வொர்க் கேபிள் வழி இருக்கிறது. பழைய லேப்டாப்பில் ஜிகாபிட் லேன் இருந்தால் அது யூஎஸ்பி 2.0-வை விட வேகம், நொடிக்கு 100 எம்பியைத் தாண்டும். வேறொரு கம்ப்யூட்டரையும் பழைய லேப்டாப்பையும் ஒரு சாதாரண லேன் கேபிளால் நேராக இணைத்து, ஃபோல்டரை ஷேர் செய்து இழுக்கலாம். ஆனால் 10/100 என்று மட்டும் இருந்தால் 11, 12 எம்பிதான் வரும், அதற்கு யூஎஸ்பியே மேல். பக்கவாட்டில் ஒடுங்கிய நீளத் துளை ஒன்று, உள்ளே டம்மி பிளாஸ்டிக் அட்டை செருகி இருக்கிறதா? அது எக்ஸ்பிரஸ்கார்டு துளையாக இருக்கலாம், அதற்கு யூஎஸ்பி 3.0 கார்டு உண்டு. நான் ஒன்று வாங்கினேன், 100 எம்பி வரைக்கும் பார்த்துவிட்டேன். வின்டோஸ் 7 என்றால் அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும், 8-லிருந்து அதுவே எடுத்துக்கொள்ளும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் கரண்ட் பற்றவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 தருவது 900. இரண்டு போர்ட்டில் சேர்த்துச் செருகும் இரண்டு முனை உள்ள கேபிள் போட்டுப் பாருங்கள். அப்போதும் சத்தம் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கே போகப்போகிறது, வேகத்தை மறந்துவிட்டு முக்கியமானதை முதலில் எடுங்கள்.

முதலில் டார்ச் அடித்துப் போர்ட்டின் நிறத்தையும், டிஸ்க்கில் மாட்டியிருக்கும் கேபிளின் முனையையும் பாருங்கள். இரண்டையும் போட்டோ எடுத்து, திரையில் எத்தனை எம்பி காட்டுகிறது என்பதையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். இரவு கடை மூடியபின் பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் எந்தக் கடையிலும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.