சோடியம் கூடினால் கண்புரை வருமா? மொரீஷியஸ் அன்பர்களுக்குப் பதில்கள்

இரத்தப் பரிசோதனைக்கூடம் என் வேலை. கண் அறுவை பற்றிக் கேட்டால் கண் மருத்துவரைத்தான் காட்டுவேன்.

ரோஸ்ஹில்: அக்கா, எனக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இப்போது புரை ஆரம்பம் என்கிறார்கள். இரத்தச் சோடியம் 147. அதனால்தான் புரையா?

அப்படிச் சொல்ல முடியாது ஐயா. கண் வில்லையின் செல்கள் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். வயதாக ஆக அந்தப் பம்பு தளரும். சோடியமும் தண்ணீரும் உள்ளே தங்கி வில்லை மங்கும். சர்க்கரை கூடினால் வில்லைக்குள் குளுக்கோஸ் சார்பிட்டால் என்ற பொருளாக மாறி, இன்னும் தண்ணீரை இழுக்கும். புரை உள்ளவர்களுக்கு இரத்தச் சோடியம் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகளில் தெரிந்தது உண்மை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவுதான். காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சரியான அளவு. 147க்குப் பெரும்பாலும் உடலில் நீர் குறைந்ததே காரணம். மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், அன்றைய சர்க்கரை எவ்வளவு? அதைச் சொல்லாமல் சோடியத்தைக் கேட்காதீர்கள்.

திரியோலே: எனக்குச் சோடியம் 131, சர்க்கரை லிட்டருக்கு 22 மில்லிமோல். உப்பைக் கூட்டவா?

வேண்டவே வேண்டாம் அம்மா. சர்க்கரை ஏறினால் தண்ணீர் செல்லிலிருந்து இரத்தத்துக்கு வந்து சோடியத்தை நீர்க்கச் செய்யும். சர்க்கரை 5.6 ஏறினால் சோடியம் சுமார் 1.6 இறங்கும். கணக்குப் போட்டால் உங்கள் 131 உண்மையில் 136 பக்கம். பயப்பட வேண்டியது 22க்கு. இன்றே மருத்துவரைப் பாருங்கள். புதுக் கண்ணாடி இப்போது வாங்காதீர்கள், சர்க்கரை நிலைப்பட்டதும் பவர் மாறிவிடும்.

கியூர்பிப்: உப்பைக் குறைத்தால் புரை கரையுமா?

கரையாது. சொட்டு மருந்திலும் கரையாது.

போபாசன்: எங்கள் பாட்டி கருவாடும் அசார் ஊறுகாயும் தினம் சாப்பிட்டு, தொண்ணூறிலும் ஊசியில் நூல் கோத்தார். உப்பைக் குறை சொல்வது தவறு!

உப்பால் புரை வரும் என்று நான் எங்கே சொன்னேன்? இரத்த அழுத்தத்துக்காகத்தான் நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். பாட்டிக்குச் சர்க்கரை இருந்ததா என்று முதலில் சொல்லுங்கள்.

போபாசன்: இல்லை. ஆனால் எனக்கு இருக்கிறது. பொட்டாசியம் உப்புக்கு மாறட்டுமா? சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம்.

மாறாதீர்கள்! சிறுநீரகம் பலவீனமானால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே கெடுக்கும். அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் அதைக் கூட்டும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மொக்கா: அறுவை எப்போது செய்யலாம்?

உங்கள் ஊரிலேயே சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை இருக்கிறதே, அங்கே கேளுங்கள். விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாக்குவா: சோடியம் 146, புரை வருமா?

ரோஸ்ஹில் ஐயாவுக்குச் சொன்னதுதான். சர்க்கரை எவ்வளவு?