தங்கச்சி பிள்ளைகளை வளர்க்கிறோம்: பத்திரத்தில் எழுதி வாங்கினால் போதுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் கிராமம். தங்கச்சி போன வருடம் தவறிவிட்டாள். மச்சான் திருப்பூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. மகளும் மகனும் எங்கள் அம்மாவோடு இருக்கிறார்கள். மச்சானிடம் பத்திரத்தில் எழுதி வாங்கி நோட்டரி கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்கள். சரிதானா? உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: போதாது. அப்பா இருக்கும்வரை சட்டப்படி அவர்தான் இயற்கைக் காப்பாளர். பத்திரத்தால் அந்தப் பொறுப்பு கைமாறாது. எழுதிக் கொடுத்தால் வாங்கி வையுங்கள், பின்னால் ஆதாரத்துக்கு உதவும்.

நீங்கள் போக வேண்டிய இடம் மதுரையிலுள்ள குழந்தைகள் நலக் குழு; ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்று உத்தரவு போடும் அரசுக் குழு அது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். "போனால் பிள்ளைகளைப் பிடித்து ஹோமில் போட்டுவிடுவார்கள்" என்ற பயத்தில்தான் பல பாட்டிமார் போகாமலே இருக்கிறார்கள். ஆனால் குழந்தைகள் பாதுகாப்புக்கான 2015 இளைஞர் நீதிச் சட்டம் ஹோமைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள்: மகள் எங்கே படுக்கிறாள், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா, அம்மாவுக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது? அவளிடம் தனியாகவும் பேசுவார்கள். இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். அவள் மனதில் இருப்பது வெளியே வரட்டும்.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளியும் வங்கியும் கேட்பது காகிதம். குழுவின் உத்தரவு கையில் இருந்தால் பாதி அலைச்சல் குறையும். இன்னொன்று: மகளை நீங்கள், மகனைச் சித்தப்பா என்று பிரித்துவிடாதீர்கள். தாயை இழந்த பிள்ளைகளுக்கு மிச்சமிருக்கும் துணை அவர்கள் இருவரும்தான்.

உதவித்தொகைக்கு 2025 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டம் உண்டு. பெற்றோரில் ஒருவரை இழந்து, மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். அதற்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எது பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். தங்கச்சியின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாம் எடுத்துப் போங்கள்.

தங்கச்சி பேரில் நிலம் இருந்தால் அது வேறு கணக்கு. பிள்ளைகள் பங்கைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளர் உரிமையை, 1890 காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துத் தருவார்கள்.