இரண்டு மணி நேர ஜிம்மும் நகராத 60 கிலோவும்

கேள்வி: வயது 27, எடை 68 கிலோ. ஈரோட்டில் ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நின்றபடிதான். புதன் விடுமுறை, சனி, ஞாயிறு கூட்டம் நெரியும். ஒன்றரை வருடமாக வாரம் 6 நாள், காலை 5 முதல் 7 வரை ஜிம். திங்கள் மார்பு, செவ்வாய் தோள், புதன் கை, வியாழன் முதுகு, வெள்ளி கால், சனி மறுபடி கை. மார்புக்கு மட்டும் 24 செட் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து போடும் ஒரு சுற்று ஒரு செட்). ஆனாலும் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து மார்புக்கு மேலே எடையைத் தள்ளுவது) 3 மாதமாக 60 கிலோவிலேயே நிற்கிறது. தோளின் முன்பக்கம் வேறு வலிக்கிறது. ஜிம் மாஸ்டர் இன்னும் செட் கூட்டச் சொல்கிறார். நண்பர்களோ 45 நிமிடம் தாண்டினால் தசை கரையும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: இரண்டையும் கேட்க வேண்டாம். 45 நிமிடக் கதை, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுவதை வைத்துக் கிளம்பியது. பயிற்சியின்போது ஹார்மோன்கள் கொஞ்ச நேரம் ஏறி இறங்கத்தான் செய்யும். தசை வளர்வதையோ தேய்வதையோ தீர்மானிக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. உங்கள் சிக்கல் திங்கட்கிழமையில் இருக்கிறது.

24 செட்டில் முதல் எட்டுப் பத்து செட்தான் முழு பலத்தோடு நடக்கும். அதற்குப் பிறகு எடை குறையும், அசைவு கோணும், மூட்டு சுமையை வாங்கும். அன்றைக்குத் தசைக்குப் போக வேண்டிய தூண்டல் முன்பே போய்விட்டது. மிச்சம் சேர்வது களைப்பு. அதன்பின் மார்புக்கு 6 நாள் வேலையே இல்லை. 1992-லும் 1995-லும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், இளைஞர்களின் பைசெப்ஸ் (மேல்கையின் முன்பக்கத்) தசையில் புதுப் புரதம் சேரும் வேகத்தை அளந்தார்கள். பயிற்சி முடிந்து 4 மணி நேரத்தில் அது 50 சதவீதம் கூடியிருந்தது. 24 மணி நேரத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. 36 மணி நேரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. அப்படியானால் உங்கள் மார்பு புதன்கிழமையே அடுத்த வேலைக்குத் தயார், நீங்கள்தான் அடுத்த திங்கள் வரை காக்க வைக்கிறீர்கள்.

தோள் வலிக்கும் காரணம் அட்டவணையிலேயே தெரிகிறது. பெஞ்ச் பிரஸில் முன்தோளும் டிரைசெப்ஸும் (மேல்கையின் பின்பக்கத் தசை) பாதி வேலை பார்க்கின்றன. மறுநாள் தோள், அதற்கு மறுநாள் கை. பெயர் மாறினாலும் அதே இடம் 3 நாள் தொடர்ந்து அடி வாங்குகிறது.

வாரம் 4 நாளாகக் குறையுங்கள். திங்களும் வியாழனும் மேல் உடல், செவ்வாயும் வெள்ளியும் கால். புதன் முழு ஓய்வு. சனி, ஞாயிறு கடையில் நிற்பதே போதும்.

திங்கள்: பெஞ்ச் பிரஸ் 3 செட் (6 முதல் 8 ரெப், அதாவது ஒரு செட்டில் அத்தனை முறை), பார்பெல் ரோ 3, இன்க்ளைன் டம்பெல் பிரஸ் 2, லாட் புல்டவுன் 2, லேட்டரல் ரெய்ஸ் 2, பைசெப்ஸ் 2, டிரைசெப்ஸ் 2. வியாழன்: 50 கிலோவில் பெஞ்ச் 3 செட் (10 ரெப்), புல்டவுன் 3, கேபிள் ஃப்ளை 2, சீட்டட் ரோ 2, தோளும் கையும் திங்கள் போலவே. மார்புக்கு வாரம் 10 செட்தான் வருகிறது. குறைவாகத் தோன்றும், ஆனால் பத்துமே தெம்போடு போடும் செட். ஷோல்டர் பிரஸை 8 வாரம் தொடவே வேண்டாம்.

கனமான ஸ்குவாட் செவ்வாய் வரட்டும், மறுநாள் விடுமுறை என்பதால்: ஸ்குவாட் 3, ருமேனியன் டெட்லிஃப்ட் 3, லெக் எக்ஸ்டென்ஷன் 2, காஃப் ரெய்ஸ் 3. வெள்ளி லேசாக, லெக் பிரஸ் 3, லெக் கர்ல் 3, காஃப் 2. லஞ்சஸ் (ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழுவது) வைக்காதீர்கள், சனிக்கிழமை கூட்டத்தில் படியேற முடியாது.

பெரிய பயிற்சிகளுக்கு இடையே இரண்டரை முதல் 3 நிமிடம் உட்காருங்கள். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் கைவைப்பது இந்த ஓய்வில்தான். மூச்சு வாங்கியபடி போடும் அடுத்த செட்டில் 2 ரெப் போய்விடும். மிச்சம் பிடிக்க இடம் பைசெப்ஸும் டிரைசெப்ஸும், மாற்றி மாற்றிப் போடலாம். வார்ம்-அப் சேர்த்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் 70 நிமிடம். இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்கிற இடத்தில் செட்டை நிறுத்துங்கள். கடைசி ரெப் வரை தள்ளுவது சிறு பயிற்சிகளின் இறுதி செட்டுக்குப் போதும்.

தசை மீண்டதா என்பதை வலியை வைத்துப் பார்க்காதீர்கள். வலி புதிய அசைவுக்கு வரும், 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு அடங்கும். நம்பகமான சாட்சி நோட்டுப் புத்தகம். போன திங்கள் பெஞ்சின் 3 செட்டில் ரெப் 8, 7, 6 என்றால் இந்தத் திங்கள் 8, 8, 6 ஆக வேண்டும். இரண்டு திங்கள் தொடர்ந்து குறைந்தால் அந்தத் தசைக்கு வாரம் 2 செட் வெட்டுங்கள். 7 வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் செட்டைப் பாதியாக்குங்கள்.

அர்னால்ட் ஒரே நாளில் இரண்டு வேளை பயிற்சி செய்தார், 1992 முதல் 1997 வரை மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியை வென்ற டோரியன் யேட்ஸ் வாரம் 4 நாள் குறுகிய பயிற்சியோடு நின்றார் என்று இரு கட்சியும் உங்களிடம் வாதாடும். இருவருமே ஸ்டீராய்டு எடுத்ததைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னவர்கள். அவர்கள் மீண்ட வேகம் உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

சாப்பாட்டில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம், அதாவது 109 கிராம். 4 முட்டை (24), வெந்த சிக்கன் 150 கிராம் (45), அரை லிட்டர் பால் (16), சோயா சங்க்ஸ் உலர்ந்த எடையில் 50 கிராம் (26): 111 வந்துவிடும். சாம்பாரில் மிதக்கும் பருப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவு 11 மணிக்கு மேல் படுத்து நாலரைக்கு எழுவதானால் எந்த அட்டவணையும் உதவாது. 7 மணி நேரம் தூங்க வழியில்லாத நாளில் ஜிம்மை விட்டுவிடுங்கள்.

தோள் வலி இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, 3 வாரத்தில் குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனை.

முதல் வாரம் திங்கள் பெஞ்சை 55 கிலோவில் தொடங்குங்கள். 3 செட்டிலும் 8 ரெப் வந்த பிறகே எடை ஏற்றுவது, அதுவும் இரண்டரை கிலோ. பல ஜிம்களில் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் இருக்காது, நேரே 5 கிலோ தாவ வேண்டியிருக்கும். நீங்கள் 60-ல் சிக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.